கரும்புக்காட்டில் ஒரு பேய்: சிறுவர்களுக்குப் பழங்காலப் பேய்க்கதை எழுதப் போகிறவர்களுக்கு

சனிக்கிழமை பிற்பகல்களில் மொரீஷியஸ் தீவில் ரோஸ் ஹில் பக்கம் ஒரு கோயில் கூடத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தருகிறேன். எட்டிலிருந்து பன்னிரண்டு வயது வரை இருப்பார்கள். வீட்டில் கிரியோல் (பிரெஞ்சிலிருந்து பிறந்த இந்தத் தீவின் பேச்சுமொழி), பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும், அதற்கெல்லாம் பிறகுதான் தமிழ். பாடப்புத்தகத்தை எடுத்தால் கொட்டாவி விடுகிற அதே பிள்ளைகள், பேய்க்கதை என்றதும் பாயை இழுத்துக்கொண்டு முன்னால் வந்து உட்காருகிறார்கள். அதனால்தான் எழுத ஆரம்பித்தேன். இப்போது என்னைப் போலவே தொடங்க நினைக்கிற சிலர் எப்படி எழுதுவது, எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்கிறார்கள், அவர்களுக்காக இது. மொரீஷியஸ் மண்ணை வைத்துச் சொல்கிறேன், எனக்குத் தெரிந்தது இதுதான். டர்பனிலோ ரங்கூனிலோ இருப்பவர்கள் இடத்தையும் ஆண்டையும் மாற்றிக்கொள்ளலாம்.

என் முதல் கதையில் எல்லாம் இருந்தது. பெரிய வீடு, அமாவாசை, வெள்ளைப் புடவை, விரித்த கூந்தல், கொலுசுச் சத்தம். படித்து முடித்ததும் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி கையைத் தூக்கி, "அவளுக்கு என்ன வேணும், மிஸ்?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. அந்தப் பேய் ஏன் அந்த வீட்டில் இருக்கிறது, யாருக்காகக் காத்திருக்கிறது, எதைக் கொடுத்தால் போகும் என்று நான் யோசிக்கவே இல்லை. கீழே சொல்லப்போகிற எல்லாமே அந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான்.

இந்த மாதிரிப் பேய்க்கதையை ஆங்கிலத்தில் கோதிக் கதை என்பார்கள், அதைப் பற்றி ஒரு வார்த்தை. 1764-ல் இங்கிலாந்தில் வந்த ஒரு நாவலிலிருந்து இந்த வகை பிறந்ததாகச் சொல்வார்கள். பாழடைந்த கோட்டை, பூட்டிய அறை, தாத்தா செய்த அநியாயம் பேரன் தலையில் வந்து விடிவது, இதுதான் அதன் எலும்பு. கோட்டையை எடுத்துவிட்டுப் பாருங்கள், மிச்சம் இருப்பது நமக்கு அந்நியமே இல்லை. பழையனூர் நீலி எதற்காக அலைந்தாள்? கொன்றவனிடம் கணக்குத் தீர்க்க. அவள் பேச்சை நம்பி, அவனுக்கு ஏதாவது ஆனால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்த எழுபது வேளாளர்களும், அந்த வாக்குக்காகவே தீயில் இறங்கினார்கள். தீராத கணக்கு ஒன்று, அதில் மாட்டிக்கொண்ட உயிர்கள் சில. தமிழில் பேய்க்கதை என்றாலே இப்படித்தான் இருந்திருக்கிறது, அதனால் வெள்ளைக்காரக் கோட்டையைக் கடன் வாங்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

முதலில் ஆண்டைத் தேர்ந்தெடுங்கள்

"முன்னொரு காலத்தில்" என்று தொடங்காதீர்கள். வரலாற்றுப் பேய்க்கதைக்கு ஓர் ஆண்டு வேண்டும், முடிந்தால் மாதமும். ஆண்டு முடிவானால் என்ன விளக்கு எரிந்தது, என்ன வண்டி ஓடியது, எதைக் கண்டு ஊர் பயந்தது என்பதெல்லாம் தானாக வந்து சேரும்.

இந்தத் தீவில் தமிழர் கதை கரும்புத் தோட்டத்து ஒப்பந்தக் கூலிகளோடு தொடங்கவில்லை என்பதை நினைவில் வையுங்கள். 1730-களில், லா பூர்தொனே ஆளுநராக இருந்த காலத்திலேயே, புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கொத்தனார்களும் தச்சர்களும் வந்து தலைநகர் போர்ட் லூயியைக் கட்டியிருக்கிறார்கள். கல்லுக்குள் எதையோ வைத்துக் கட்டிய கொத்தனார் கதை ஒன்று யாராவது எழுத வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. அப்புறம் 1834 நவம்பரில் அட்லஸ் கப்பலில் 36 பேர் மாதம் 5 ரூபாய் ஒப்பந்தத்தில் வந்து இறங்கினார்கள், அவர்களுக்குப் பின்னால் லட்சக்கணக்கானோர். 1856 ஜனவரியில் கல்கத்தாவிலிருந்து வந்த கப்பல்களில் காலரா இருக்கிறது என்று, ஆட்களைத் தலைநகரத்துக்குள் விடாமல் வடக்கே காப்ரியல் தீவில் இறக்கினார்கள். போதிய தண்ணீரும் கூரையும் இல்லாமல் நூற்றுக்கணக்கானோர் அங்கேயே இறந்தார்கள். பக்கத்து இல் பிளாட் தீவில் அதற்கு முந்திய ஆண்டுதான் கலங்கரை விளக்கம் கட்டியிருந்தார்கள். கரையில் செத்துக்கொண்டிருக்கிறவர்கள் மேல் அந்த வெளிச்சம் விழுந்துகொண்டே இருந்திருக்கும், இதைவிடப் பயங்கரமான காட்சியை நாமாகக் கற்பனை செய்ய முடியாது.

ஆனால் புதிதாக எழுதுகிறவர்களுக்கு நான் சொல்வது 1867-ம் 1868-ம் தான். காய்ச்சல் ஆண்டுகள். மலேரியா தீவுக்குள் புகுந்து பல்லாயிரக்கணக்கானோரைக் கொண்டுபோனது. வசதி இருந்தவர்கள் போர்ட் லூயியையும் தாழ்வான கரையோரத்தையும் விட்டு, அப்போதுதான் ஓடத் தொடங்கியிருந்த ரயிலில் ஏறி, கியூர்பிப் மாதிரி குளிர்ந்த மேட்டு ஊர்களுக்குப் போய்விட்டார்கள். கீழே பூட்டிய வீடுகள், ஆளில்லாத வராண்டாக்கள், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளான லயத்தில் மட்டும் மனிதர்கள். இதில் எழுத்தாளருக்கு முக்கியமான செய்தி ஒன்று உண்டு. கொசுதான் காரணம் என்பது 1897-ல்தான் ரொனால்ட் ராஸ் கண்டுபிடித்தது, அவரே 1907-ல் இங்கே வந்து ஆலோசனை சொன்னார். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முந்திய உங்கள் பாத்திரங்களுக்குக் கொசு தெரியாது. சதுப்பிலிருந்து எழும் கெட்ட காற்றில் காய்ச்சல் வருகிறது என்று நம்பி, புழுக்கத்திலும் ஜன்னலை இறுகச் சாத்துவார்கள். காற்றைக் கண்டே பயப்படுகிற ஊர் அது. பேய் வருவதற்கு முன்பே பயம் வந்து உட்கார்ந்திருக்கிறது, நீங்கள் அதற்காகத் தனியாக மெனக்கெட வேண்டாம்.

பதிவேட்டைப் பாருங்கள், அதில்தான் பேய் இருக்கிறது

நேரம் கிடைக்கும்போது போர்ட் லூயி துறைமுகத்தில் ஆப்ரவாசி காட் என்ற படித்துறைக்குப் போய்வாருங்கள். வந்த கூலிகளை இறக்கிப் பதிந்துகொள்ள 1849-ல் கட்டத் தொடங்கிய குடியேற்ற நிலையம், 2006 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. கப்பலிலிருந்து இறங்கி ஏறிய 16 கல்படிகள் அப்படியே உள்ளன. ஏறி நில்லுங்கள். ஒவ்வொரு படியும் கொஞ்சம் வெவ்வேறு உயரத்தில் இருப்பது போலக் காலுக்குப் படும். வாரக்கணக்கில் கடலில் ஆடிய கால்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அங்கே நின்றால்தான் தோன்றும்.

அதைவிட முக்கியம் மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கும் குடியேற்ற ஆவணங்கள். வந்தவர்களுக்கெல்லாம் ஒரு எண், கப்பல் பெயர், தகப்பன் பெயர், வயது, உயரம், சாதி, ஊர், உடம்பில் இருக்கும் தழும்பு. 1860-களின் நடுவிலிருந்து பலருக்குப் புகைப்படமும் உண்டு. ஒப்பந்தம் முடிந்த பழைய கூலிகள் எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டிய அடையாள டிக்கெட்டுக்காக எடுத்த படங்கள் அவை. 1867-ல் வந்த சட்டப்படி, படம் ஒட்டிய டிக்கெட் இல்லாமல் ரோட்டில் பிடிபட்டால் நாடோடி என்று உள்ளே தள்ளலாம். கிராண்ட் ரிவர் நார்த் வெஸ்ட்டில் அதற்கென்றே ஒரு கொட்டடி 1864 முதல் இருந்தது. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடித்துக்கொள்ளும் இரட்டை வெட்டு வேறு. இந்த அநியாயங்களை எழுதி 1871-ல் 9,401 பேர் கையெழுத்து வைத்து மனுக் கொடுத்தார்கள், அப்புறம்தான் லண்டனிலிருந்து விசாரணைக் கமிஷன் வந்தது.

அந்தப் படங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். நேராகக் கேமராவைப் பார்ப்பார்கள், அதாவது நம்மைப் பார்ப்பார்கள். முதன்முதலாக அப்படி ஒரு படத்தைக் கையில் வைத்துப் பார்த்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பயம் என்று சொல்ல மாட்டேன். ஏதோ கேட்கிறார்கள், எனக்குக் காது கேட்கவில்லை என்பது போல இருந்தது. அந்த உணர்வை ஒரு குழந்தைக்குக் கடத்த முடிந்தால் போதும், கதை நின்றுவிடும்.

ஒரு எச்சரிக்கை. உண்மையான ஒருவரின் எண்ணையும் பெயரையும் அப்படியே எடுத்துப் பேயாக்கிவிடாதீர்கள். அவருடைய கொள்ளுப்பேரன் உங்கள் தெருவிலேயே இருக்கலாம், அவர் வீட்டில் அந்தத் தாத்தாவுக்கு வருஷா வருஷம் இலை போட்டுப் படைத்துக்கொண்டிருக்கலாம். பதிவேட்டின் அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள், ஆளை நீங்களே உருவாக்குங்கள்.

பேய்க்கு என்ன வேண்டும்

இதற்கு ஒரே வரியில் பதில் எழுதி மேஜையில் ஒட்டிவையுங்கள். "பழி வாங்க வேண்டும்" என்பது பதில் ஆகாது, அது பெரியவர்களின் கதை. குழந்தையால் செய்து முடிக்கக்கூடிய ஒரு காரியமாக இருக்க வேண்டும், கையில் எடுக்கக்கூடிய ஒரு பொருளாக இருந்தால் இன்னும் நல்லது. தொலைந்த டிக்கெட், கொடுக்காத கூலி, ஊருக்குப் போகாத கடிதம், கோயிலுக்கு நேர்ந்துகொண்டு செலுத்தாமல் போன விளக்கு.

நான் எழுதியதையே உதாரணமாகச் சொல்கிறேன். 1868, பாம்ப்லெமூஸ் பக்கம் ஒரு தோட்டம். முதலாளி குடும்பம் காய்ச்சலுக்குப் பயந்து கியூர்பிப் போய்விட்டது. சாவிக்கொத்தைப் பதினோரு வயதுப் பையனின் பாட்டியிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒவ்வொரு ராத்திரியும் ஆபீஸ் அறைக் கதவை யாரோ தட்டுகிறார்கள், ஆனால் உள்ளேயிருந்து. பையன் ஒரு நாள் திறந்துவிடுகிறான். மேஜை இழுப்பறையில், கணக்கப்பிள்ளை பிடுங்கி வைத்த பழைய டிக்கெட் ஒன்று கிடக்கிறது. படத்தில் ஒரு கிழவர். டிக்கெட் இல்லாமல் ரோட்டில் பிடிபட்டு, கொட்டடிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே காய்ச்சலில் செத்தவர். டிக்கெட் இல்லாமல் அவரால் எங்கும் போக முடியாது, செத்த பிறகும்.

பையன் எழுத்துக்கூட்டி வாசிக்கிறான்: ஆர்மூகம். தட்டுவது நிற்கவில்லை, இன்னும் பலமாகிறது. அவன் டிக்கெட்டைப் பாட்டியிடம் ஓடிக்கொண்டுபோய்க் காட்டுகிறான். பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் விளக்கைத் தூக்கிப் படத்தைப் பார்த்துவிட்டு, "அட, நம்ம ஆறுமுகம் அண்ணன்!" என்கிறாள். தட்டுவது நின்றுவிடுகிறது.

இங்கே பிறந்து வளர்ந்த எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் இது உடனே புரியும். ஆறுமுகம் ஆர்மூகம் ஆனதும், வீரப்பன் வீராப்பேன் ஆனதும், முத்து மூத்தூ ஆனதும் அவர்களுடைய சொந்தக் குடும்பப் பெயரில் நடந்தது. காதில் விழுந்ததை வெள்ளைக்காரக் குமாஸ்தா எழுதியது நூற்றைம்பது ஆண்டு கழித்தும் பள்ளி ஆஜர் புத்தகத்தில் இருக்கிறது. பெயரைச் சரியாகச் சொல் என்று கேட்கிற பேய் வேறு எந்த ஊரிலும் இவ்வளவு பொருந்தாது. உங்கள் ஊரில் எது இப்படிப் பொருந்தும் என்று தேடுங்கள், அதுதான் இந்த வேலையில் பாதி.

கவனித்தீர்களா, பையன் மட்டும் போதவில்லை, பாட்டி மட்டும் போதவில்லை. சிறுவர் கதைகளில் பெரியவர்களை முட்டாளாக்கிவிடுவது சுலபம், அந்தச் சுலபத்தில் விழாதீர்கள். கண்டுபிடிப்பது குழந்தை, நினைவு வைத்திருப்பது கிழவி. இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும்.

வீடும் வெளியும்

பெரிய வீடு கட்டாயம் வேண்டும். மோக்காவில் 1830-ல் கட்டிய யூரேகா மாளிகையில் 109 கதவுகள் இருப்பதாகச் சொல்வார்கள். சும்மா போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள், புயல் எச்சரிக்கை வந்தால் இத்தனைக் கதவையும் யார் ஓடி ஓடிச் சாத்தியிருப்பார்கள் என்று யோசியுங்கள், கதையின் கதாநாயகி அங்கேயே கிடைத்துவிடுவாள். மரச்சில்லுக் கூரை, சுற்றிவர வராண்டா, வீட்டைச் சுற்றிப் பெரிய மரங்கள். எதிரில் வைக்கோல் வேய்ந்த லயம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை அளந்து எழுதுங்கள், இத்தனை அடி, இத்தனை நேரம். ராத்திரியில் ஒரு குழந்தை அந்தத் தூரத்தைத் தனியாக நடக்க வேண்டும், அதுதான் உங்கள் நடுப்பகுதி.

கரும்புக்காட்டு நடுவே தனியாக நிற்கும் பழைய ஆலைப் புகைபோக்கிகளை எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஆலை போய்விட்டது, கல்தூண் மட்டும் நிற்கிறது. கார் ஜன்னலிலிருந்து பார்க்கிற பிள்ளைக்கு அது ஒரு கேள்வி. அங்கேயிருந்தும் தொடங்கலாம்.

புயலைப் பயன்படுத்துவதாக இருந்தால் அதன் நடுக்கண்ணைப் பயன்படுத்துங்கள். 1892 ஏப்ரல் 29 புயலில் 1,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். புயலின் கண் தலைக்கு மேல் வரும்போது காற்று சட்டென்று நின்றுவிடும், வானம்கூட வெளுக்கும், ஆள்கள் முடிந்துவிட்டது என்று வெளியே வருவார்கள், அப்புறம் எதிர்த்திசையிலிருந்து அடிக்கும். அந்த நடு அமைதியில் யாராவது கதவைத் தட்டினால்? தட்டியவர் யார் என்று நான் சொல்லமாட்டேன், நீங்கள் எழுதுங்கள்.

ஊரை மாற்றினால் சத்தமும் மாறும்

புதிதாக எழுதுகிறவர்கள் அதிகமாகத் தவறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். தமிழ்நாட்டுக் கதைகளைப் படித்து வளர்ந்த கை தன்னையறியாமல் நரி ஊளையிட்டது என்று எழுதிவிடும். இந்தத் தீவில் நரி கிடையாது. விஷப்பாம்பும் கிடையாது. ஆந்தை ஒன்று இருந்தது, அதுவும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அழிந்துவிட்டது. தவளை கத்தியது என்று எழுதினால் கவனம்: இப்போது மழைக்காலத்தில் நம் வீட்டுப் பின்னால் கத்துகிற தேரையை 1922-ல்தான் கொண்டுவந்து விட்டார்கள், 1868 கதையில் அது கத்த முடியாது. காக்கையும் இந்தத் தீவின் பறவை இல்லை, இருபதாம் நூற்றாண்டில் கப்பலோடு வந்து சேர்ந்தது. இதை அறிந்த அன்று நான் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். முதல் தலைமுறைக்காரர்கள் செத்தவர்களுக்குச் சோறு வைத்துவிட்டுக் காக்கையைக் கூப்பிட்டிருப்பார்கள், வந்து எடுக்க ஒன்றும் இருந்திருக்காது. வைத்த பிண்டம் இலையிலேயே காய்ந்திருக்கும். அந்த ஒரு செய்தியில் ஒரு முழுக் கதை இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் என்ன சத்தம்தான் கேட்கும்? பழந்தின்னி வௌவால் மாமரத்தில் சண்டை போடும். பல்லி சொல்லும். நாய் ஊளையிடும், தாராளமாக. கரும்புத் தோகை ஒன்றோடொன்று உரசும் சத்தம் யாரோ காகிதம் புரட்டுவது போல இருக்கும், பதிவேட்டைப் பற்றிய கதைக்கு இதைவிட என்ன வேண்டும்! வெட்டுக் காலத்தில் ஆலை ராத்திரியும் ஓடும், அப்போது யாரும் எதற்கும் பயப்பட மாட்டார்கள். வெட்டு முடிந்து ஆலை அடங்கியிருக்கும் மாதங்களில் உள்ளேயிருந்து ஒரு சக்கரம் சுற்றும் சத்தம் கேட்டால்தான் பயம்.

பருவமும் தலைகீழ். மார்கழிப் பனி என்று எழுதிவிடாதீர்கள், இங்கே மார்கழி வெயில். ஜூலையில்தான் குளிர். கரும்பு பூப்பது குளிர் தொடங்கும்போது, நிலா வெளிச்சத்தில் காடு முழுக்க வெள்ளி தட்டினாற்போல இருக்கும்.

எவ்வளவு பயம் போதும்

வகுப்பில் பார்த்துக் கற்றதைச் சொல்கிறேன். எட்டு வயதுக்குப் பேயின் முகத்தைக் காட்ட வேண்டாம். கை, நிழல், தட்டும் சத்தம் போதும். பத்து வயதைத் தாண்டியவர்களுக்கு முகம் காட்டலாம், ஆனால் கடைசியில், அதுவும் பயங்கரமான முகமாக அல்ல, களைத்த முகமாக. கதையில் வெளிச்சம் உள்ள இடம் ஒன்று எப்போதும் இருக்கட்டும், பாட்டியின் அடுப்படி மாதிரி, குழந்தை ஓடிப்போய் ஒளிந்துகொள்ள. குழந்தைப் பாத்திரத்தைக் கொல்லாதீர்கள்.

ஆனால் பொய்யும் சொல்லாதீர்கள். கூலிகளை அடித்தார்கள், ஏமாற்றினார்கள், காய்ச்சலில் விட்டார்கள் என்பதை மூடி மறைத்து எல்லாரும் நல்லவர்கள் என்று எழுதினால் பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிடும். அடியை வர்ணிக்க வேண்டியதில்லை. கணக்கைக் காட்டுங்கள். ஒரு நாள் காய்ச்சலில் படுத்தான், இரண்டு நாள் கூலி போயிற்று. மாதம் முடிந்து வரிசையில் நிற்கிறான், கையில் எவ்வளவு வைத்தார்கள் என்று பிள்ளைகளையே கூட்டிக் கழிக்கச் சொல்லுங்கள். என் வகுப்பில் ஒரு பையன் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுக் கோபத்தில் எழுந்தே நின்றுவிட்டான். தற்கொலைகளும் அந்தக் காலத்தில் நடந்தன, அது இந்த வயதுக்கு வேண்டாம், விட்டுவிடுங்கள்.

இரண்டு எல்லைகளை நான் தாண்டுவதில்லை. முனீஸ்வரர், மாரியம்மன், மதுரைவீரன் போன்ற காவல் தெய்வங்களைப் பேயாக்குவதில்லை. அந்தக் குழந்தை நாளைக்குக் காலையில் அதே சந்நிதியில் போய்க் கும்பிட வேண்டும். அடுத்தது, லெ மோர்ன் மலை போல வேறு சமூகத்தாரின் துயரம் படிந்த இடத்தைப் பயமுறுத்தும் பின்னணியாக எடுத்துக்கொள்வதில்லை. ஓடிப்போய் அங்கே ஒளிந்த அடிமைகளின் கதையை அவர்கள் வம்சத்தார் பாடுகிறார்கள். எழுதுவதாக இருந்தால் அவர்களிடம் உட்கார்ந்து கேட்டுவிட்டு, அவர்கள் பக்கம் நின்று எழுதுங்கள்.

மொழி

சிறு வாக்கியம், ஆனால் எல்லாமே சிறு வாக்கியமாக இருந்தால் தந்தி மாதிரி ஆகிவிடும். நடக்கும்போது நீளம், கதவு திறக்கும்போது குறுக்கம், இது போதும். சிர்தார் (கூலிகளின் மேஸ்திரி), தாப்லிஸ்மான் (கரும்புத் தோட்டம்) மாதிரி தோட்டத்துச் சொற்களை அப்படியே வையுங்கள், அர்த்தம் அடுத்த வரியில் தானாகத் தெரியும்படி செய்யுங்கள்.

கிரியோலையும் விடாதீர்கள். அந்தக் காலத்திலேயே தோட்டத்துப் பிள்ளைகள் கலந்துதான் விளையாடினார்கள். ராத்திரியில் விடுகதை போடுகிறவர் "சிராந்தான்?" என்று கேட்பார், கேட்கிறவர்கள் "சாம்பேக்!" என்று கத்துவார்கள். அப்புறம் விடுகதை. "டிலோ டிபூ?" நிற்கிற தண்ணீர் எது? "கான்!" கரும்பு. "டிலோ பாந்தான்?" தொங்குகிற தண்ணீர்? "கோகோ!" தேங்காய். என் இரண்டாவது கதையை இதில்தான் தொடங்கினேன். பிள்ளைகள் லயத்து முற்றத்தில் விடுகதை போடுகிறார்கள், ஒருவன் "டிலோ டிபூ?" என்று கேட்கிறான், இவர்கள் வாயைத் திறப்பதற்குள் இருட்டில் கரும்புக்குள்ளிருந்து ஒரு குரல் "கான்" என்கிறது. அந்த வரிக்கு என் வகுப்பில் மூன்று பேர் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

வாசித்துக் காட்டித்தான் முடிக்க முடியும்

எழுதி முடித்ததும் அச்சுக்குக் கொடுக்காதீர்கள். பத்துப் பிள்ளைகளுக்கு உரக்க வாசியுங்கள், பன்னிரண்டு பதினைந்து நிமிஷத்துக்குள் முடிய வேண்டும். வாசிக்கும்போது முகங்களைப் பாருங்கள், கையில் பென்சில் இருக்கட்டும். யாராவது பக்கத்துப் பிள்ளையோடு பேச ஆரம்பித்த இடத்தில் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கும் பத்தியில்தான் கோளாறு, கீழே இல்லை; அங்கே பெரும்பாலும் நீங்கள் வரலாறு சொல்லிக்கொண்டிருந்திருப்பீர்கள். சட்டம், ஆண்டு, கமிஷன் எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், கதைக்குள் அது இழுப்பறையில் கிடக்கும் ஒரு டிக்கெட்டாக மட்டும் வந்தால் போதும். மிச்சத்தை ஒரு பக்கப் பின்குறிப்பாகக் கடைசியில் வையுங்கள், ஆசைப்படுகிற பிள்ளை படிக்கும்.

வாசித்து முடித்ததும் "பிடித்ததா?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் ஆமாம் என்பார்கள். "அவருக்கு என்ன வேணும்?" என்று கேளுங்கள். பதில் உடனே வந்தால் கதை தயார். ஆளுக்கொரு பதில் வந்தால் திரும்பப் போய் மேஜையில் ஒட்டிய அந்த ஒற்றை வரியைப் பாருங்கள்.

படம் போட ஆள் கிடைத்தால் பேயைப் போடச் சொல்லாதீர்கள். என் கதைக்கு ஒரே ஒரு படம்தான்: பாதி திறந்த இழுப்பறை, உள்ளே மூலையில் டிக்கெட், அதில் முகம் இருக்க வேண்டிய கட்டம் காலி. வகுப்பில் நகல் எடுத்துக் கொடுத்தபோது பிள்ளைகள் அந்தக் கட்டத்துக்குள் தாங்களாகவே பென்சிலால் முகம் வரைந்துகொண்டார்கள். பாதிப் பேர் வரைந்தது அவரவர் தாத்தாவை.